சாகத் தெரியாதவன்

“என்எஸ்ல ரெண்டு வருஷம் துப்பாக்கி தூக்குனது பத்தாதாப்பா? அங்க போயும் வாள் தூக்கணுமா?” என்று தொலைபேசியில் கேட்டார் அம்மா. சிங்கப்பூரில் அப்போது இரவு ஒன்பது மணி. பிட்ஸ்பர்க்கில் எனக்குக் காலை ஒன்பது. முதுகலைப் படிப்புக்காக வந்தவன், விடுமுறையில் கூடாரத்தில் தூங்கப் போகிறேன் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் பிடிக்கும்?

“பஞ்சு வாள்மா. அடிச்சா வலிக்காது” என்றேன். பாதி உண்மைதான்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஸ்லிப்பரி ராக் என்ற சிற்றூர் வரும். அதன் அருகே கூப்பர்ஸ் லேக் முகாம் திடலில், ஜூன் மாதத்தில் ‘ராக்னராக்’ என்ற ஒரு வாரப் போர் விழா நடக்கும். நடத்துவது டாகோர்ஹிர் என்ற அமைப்பு. 1977ல் அமெரிக்கத் தலைநகர் வட்டாரத்தில் சில நண்பர்கள் விளையாட்டாகத் தொடங்கியது. டோல்கியன் தன் கதைகளுக்காக உருவாக்கிய மொழியிலிருந்து எடுத்த பெயர் அது. ‘போர்த் தலைவர்கள்’ என்று பொருள். என்னை இழுத்துப் போனவர் ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரர்.

திடலுக்குள் ஜீன்சும் டி-சட்டையும் கூடாது. பழங்காலத்து உடைதான் அணிய வேண்டும். தீபாவளிக்கு அம்மா அனுப்பிய ஜிப்பாவைப் போட்டு இடுப்பில் தோல் வார் கட்டினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ‘அருமையான துணி’ என்று இரண்டு பேர் பாராட்டினார்கள்.

வாளின் உள்ளே கண்ணாடி இழைத் தண்டு. அதைச் சுற்றித் தடித்த நுரைப் பஞ்சு, மேலே துணி உறை. திடலுக்குக் கொண்டுபோகுமுன் பரிசோதகர் ஒருவர் ஒவ்வொன்றையும் வளைத்து, அழுத்தி, ஓங்கி அடித்துப் பார்க்கிறார். சிவப்பு அடையாளம் இட்ட பெரிய வாளால் கேடயத்தில் பலமாக இரண்டு அடி விழுந்தால் கேடயம் உடைந்ததாகக் கணக்கு. தூக்கி எறிந்துவிட வேண்டும். காலில் பட்டால் மண்டியிட வேண்டும், கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்க வேண்டும். இரண்டு உறுப்பு போனாலோ உடம்பில் பட்டாலோ மரணம். கைவாளால் தலையில் அடிக்கக் கூடாது.

இதையெல்லாம் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். நம் ஊரில் படித்தவனுக்கு அதுவா கஷ்டம்? எனக்குப் புரியாதது வேறு. தேசிய சேவைப் பயிற்சியில் உடம்பில் ஒரு கருவியை மாட்டியிருப்போம். சுடப்பட்டால் அது கத்தும். நான் மறுக்க முடியாது. இங்கே அப்படி எதுவும் இல்லை. நடுவர்கள் பாதுகாப்பைத்தான் பார்க்கிறார்கள். அடி பட்டதா, செத்தேனா என்பதை அடி வாங்கியவன்தான் சொல்ல வேண்டும்.

முதல் பெரிய சண்டையில் எங்கள் வரிசையில் நூறு பேராவது இருந்திருப்போம். கேடயங்கள் மோதும் சத்தம், புல் நசுங்கும் வாசனை, நாக்கு வறட்சி. எப்படியோ ஒருவரின் தோளில் என் வாள் பட்டது. அவர் உடனே கையை மடக்கிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கணமே இடது தொடையில் ஓர் ஈட்டி குத்தியது. நன்றாகத்தான் குத்தியது.

நான் மண்டியிடவில்லை.

ஈட்டிக்காரி நரைத்த பின்னல் போட்ட ஒரு பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். “லேசாகப் பட்டதா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். “சரி” என்றார், அவ்வளவுதான். அடுத்த கணம் பக்கத்திலிருந்து யாரோ அவர் விலாவில் அடிக்க, ஆயுதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே நடந்தார். அந்தச் சுற்றில் எங்கள் பக்கம் வென்றது. எல்லாரும் கத்தினார்கள். நானும் வாயை அசைத்தேன்.

பள்ளிப் பருவத்திலிருந்து என் தப்பைக் கண்டுபிடிக்க யாராவது இருந்திருக்கிறார்கள். ஆசிரியர், சார்ஜன்ட், அம்மா. கண்டுபிடிக்காவிட்டால் தப்பில்லை என்று எப்போது பழகினேன் என்று தெரியவில்லை.

இருட்டியதும் அவர் கூடாரத்தை விசாரித்துப் போனேன். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அவர் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்.

“காலையில் உங்கள் ஈட்டி என் தொடையில் சரியாகப் பட்டது. நான் பொய் சொன்னேன்.”

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “எந்த அடி?” என்றார். உண்மையாகவே நினைவில்லை. பிறகு ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி நீட்டினார். “முதல் வருடம் சாவது கஷ்டம். நாளைக்குப் பழகிக்கொள்.”

பழகிக்கொண்டேன். மறுநாள் முழங்கால் இரண்டும் பச்சைப் புல் கறை. ஜிப்பாவை அம்மாவிடம் காட்டவே முடியாது. சந்தேகமான அடிக்கும் சேர்த்தே செத்தேன். ஒருமுறை, “டேய், அது உன் கேடயத்தில்தான் பட்டது, எழுந்திரு” என்று எதிரியே கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

அன்றிரவு அம்மாவை அழைத்தேன்.

“என்னப்பா, ஜெயிச்சியா?”

“இல்லம்மா. இன்னிக்கு மட்டும் இருபது தடவையாவது செத்திருப்பேன்.”

“வாயக் கழுவு மொதல்ல!” என்றார் அம்மா.