பாட்டில் மூடி

முதல் தடவை என் ஆபீசுக்கு வந்தபோது அந்தப் பெண்ணால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. ஜூனியர்தான் திறந்து கொடுத்தாள். நாற்பதுகூட ஆகவில்லை. 2015-இல் மார்பில் சிலிகோன் பை வைத்துக்கொண்டவர். மூன்றாம் வருஷத்திலிருந்து மூட்டுவலி, முடி கொட்டல், தீராத அசதி. முடக்குவாதப் பரிசோதனை எல்லாம் நெகட்டிவ். “எல்லாம் மனசுதான்னு மூணு டாக்டர் சொல்லிட்டாங்க சார்.”

பையை எடுத்துவிட்டு வழக்குப் போடுவதாகச் சொல்லிப் போனார். எடுத்ததைக் கேட்டு வாங்கி வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வேறொரு மருத்துவமனையில் எடுத்தார்கள். இடது பை உள்ளேயே கிழிந்திருந்தது என்று அறுவைக் குறிப்பில் எழுதிவிட்டு, பையைக் கழிவோடு அனுப்பிவிட்டார்கள். பை வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதன் லாட் எண் ஸ்டிக்கர் இல்லை. தயாரிப்பாளரை இழுக்க வழியில்லாமல் போனது என் பிழைதான்.

ஆறு மாதம் கழித்துப் புகாரில் கையெழுத்துப் போட வந்தவர், பேசிக்கொண்டே பாட்டிலைத் திறந்து குடித்தார். அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். மூட்டுவலி பெரும்பாலும் போயிருந்தது, முடி கொட்டுவது நின்றிருந்தது, அசதி மட்டும் பாதி மிச்சம். ஆனால் பாட்டில் மூடியை எந்த நுகர்வோர் ஆணையத்தில் சான்றாக மார்க் பண்ணுவது?

எதிர்த்தரப்பான, பை வைத்த மருத்துவமனையின் வக்கீல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) 1999 அறிக்கையை நீட்டினார்: சிலிகோன் பையால் முடக்குவாதம் போன்ற நோய் வருவதற்குச் சான்று இல்லை. நான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இல் கட்டாயமாக்கிய எச்சரிக்கையைக் காட்டினேன். மூட்டுவலி, அசதி பற்றிப் பலர் சொல்வதும், எடுத்தபின் சிலருக்குக் குறைவதும் அதில் இருக்கிறது. “2015-இல் இது ஏது?” என்றார். நியாயமான கேள்வி.

அவர் நீட்டிய அறிக்கையையே திருப்பிப் படித்தேன். பை கிழிவதும், சுற்றிலும் உருவாகும் வடுத்திசு இறுகுவதும், மறு அறுவையும்தான் பெரிய சிக்கல் என்று அதிலேயே இருந்தது. எங்கள் கட்சிக்காரர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் அச்சடித்த ஒரே வரி: எல்லாம் விளக்கப்பட்டது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் கேட்ட, அபாயங்களை விளக்கிப் பெறும் சம்மதம் இதுவல்ல என்று வாதிட்டேன்.

நோய்க்கும் பைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது ஆணையம். கிழியும் அபாயத்தைச் சொல்லாததற்கு இழப்பீடும், பையை எடுத்த செலவும் தரச் சொன்னது. எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.