எங்கள் பட்டியில் துள்ளுமாரி

நாங்கள் அக்காள் தங்கை இருவர். 2023 ஐப்பசியில் எங்கள் பட்டியில் 23 செம்மறிகள் இருந்தன. எங்கள் பள்ளிக் கட்டணமும் கிறிஸ்துமஸ் துணியும் அந்தப் பட்டியை நம்பித்தான்.

முதல் மழை பெய்து பத்து நாளில் வரப்பெல்லாம் பசும்புல். குட்டிகள் வயிறு முட்ட மேய்ந்து வந்தன. விடிந்து பார்த்தால் மூன்று குட்டிகள் விறைத்துக் கிடந்தன. நான்காவது எங்கள் கண்ணெதிரே துள்ளி விழுந்து, தலையைப் பின்னுக்கு வளைத்து, காலை உதைத்துக்கொண்டே செத்தது. நான்கும் நல்ல கொழுத்த குட்டிகள். நோஞ்சான்களுக்கு ஒன்றுமில்லை.

முந்தின நாள் மேய்ந்தது பக்கத்து வீட்டு அத்தையின் கடலைக் காட்டு வரப்பில். ஆடு காட்டில் இறங்கியதென்று அவர் அதற்கு முன்பே சத்தம் போட்டிருந்தார். அது போதாதா? "ஏக்கா, வாயில்லாச் சீவனுக்கா மருந்து வச்சே?" என்று அப்பா தெருவில் நின்று கத்தினார். நாங்களும் அவர் பின்னால் நின்றோம். அத்தை மகள் எங்களோடு ஒரே பஸ்ஸில் வருபவள். அன்று முதல் அவளோடு நாங்கள் பேசவில்லை.

கால்நடை டாக்டர் மதியத்துக்குள் வந்து ஒரு குட்டியை அறுத்துப் பார்த்தார். சிறுநீரகம் குழைந்த சோறு போலிருந்தது. சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அப்பா பிடிவாதம் பிடித்ததால் இரைப்பையில் இருந்ததும் விஷப் பரிசோதனைக்குப் போயிற்று.

முடிவு வந்த நாளில் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். நோயின் பெயர் துள்ளுமாரி. காரணம் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் பாக்டீரியா. இது நலமாக உள்ள ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். திடீரென்று செழிப்பான தீனி கிடைத்தால், செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்க, இது கணக்கின்றிப் பெருகி எப்சிலான் என்ற நச்சைச் சுரக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சுரக்கும்போது அந்த நச்சுக்கு வீரியம் இல்லை. உணவைச் செரிக்க வரும் டிரிப்சின்தான் அதை வெட்டி வீரியமாக்குகிறது! பிறகு அது இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. நன்றாகத் தின்ற குட்டியே முதலில் சாவது இதனால்தான்.

இந்த ஒரே பாக்டீரியாவில் ஏ முதல் ஜி வரை 7 வகைகள். கடைசி இரண்டும் 2018இல் சேர்த்தவை. எந்தெந்த நச்சுக்கான ஜீன் இருக்கிறது என்பதே வகை. முன்பெல்லாம் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டுத்தான் வகை கண்டார்களாம். கேரி மல்லிஸ் 1983இல் கண்ட பி.சி.ஆர். முறையில், தேடும் ஜீன் இருந்தால் அது மட்டும் கோடிக்கணக்கில் நகலாகி, ஜெல்லில் கோடாகத் தெரியும். எங்கள் குட்டியின் குடலிலிருந்து வளர்த்த பாக்டீரியாவில் ஆல்பாவுக்கு ஒரு கோடு, எப்சிலானுக்கு ஒரு கோடு. அப்படியென்றால் 'டி' வகை.

எங்களில் மூத்தவள் விடவில்லை. "நலமான ஆட்டிலும் இது இருக்கும் என்றீர்களே, சார்? அப்புறம் எப்படி நிச்சயம்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். ஜீன் மட்டும் போதாது என்பது உண்மைதான் என்றார். அதிலும் எப்சிலான் ஜீன் இருப்பது பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில். ஆய்வில் வளர்க்கும்போது அது தொலைந்துபோனால் 'டி' வகை 'ஏ' மாதிரித் தோன்றும். ஆகவே குடலில் இருந்ததில் நச்சையே நேராகத் தேடினார்கள். அது இருந்தது. குழைந்த சிறுநீரகமும் சாட்சி. இரைப்பையில் பூச்சிமருந்து துளியும் இல்லை.

"மழைக்கு முன்னாலே ஊசி போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முகாம் நடந்த அன்று நாங்கள் எல்லோரும் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் இருந்தோம்.

சாயங்காலம் மூவரும் அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பாவுக்கு வாய் வரவில்லை. நாங்கள்தான் காகிதத்தைப் படித்துச் சொன்னோம். அத்தை கடைசிவரை கேட்டார். "தெருவில வச்சுக் கேட்டியே தம்பி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. உள்ளே போனவர் காப்பியோடு வந்து, "இது வெள்ளாட்டுக்கும் வருமாட்டி?" என்று எங்களைக் கேட்டார். வரும் என்றோம்.

அடுத்த முகாமுக்கு அவருடைய இரண்டு வெள்ளாடுகளையும் எங்கள் பட்டியோடு சேர்த்து நாங்களே ஓட்டிக்கொண்டு போனோம். அத்தை மகளும் கூட வந்தாள். பாதி வழிக்கு மேல்தான் பேச்சுக் கொடுத்தாள்.