திரையில் வந்த டாக்டர்

டில்லிக்கு வந்த பிறகு வீட்டு நினைப்பு எனக்கு அடிக்கடி வருவதுண்டு. ஆனால் சென்ற ஐப்பசியில் வந்ததுபோல் என்றும் வந்ததில்லை. அம்மாவுக்கு மதுரையில் தொப்புள் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் கமுதிக்கு அப்பால். மதுரைக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். தைத்த வயிற்றோடு குலுங்கி வரவேண்டாம், எட்டாம் நாள் வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

அன்று காலை விடுதி அறையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். திரையில் மூன்று கட்டங்கள்: மதுரையில் டாக்டர், ஊரில் அம்மா, டில்லியில் நான்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் ஐயா."

காய்ச்சல் உண்டா, வலி உண்டா? எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" தான். காயத்தைக் காட்டச் சொன்னதும் அம்மா தயங்கினாள். "தம்பி, நீ கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கப்பா" என்றாள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்!

பிறகு நடந்தது காதில் விழுந்ததுதான். காயம் சுத்தமாகத் தெரிகிறது என்றார் டாக்டர். நல்லவேளையாகக் கிராம நர்ஸ் அக்கா பக்கத்தில் இருந்தார். "ஓரத்தில் லேசாக அமுக்கிப் பாருங்கள்" என்றார் அவரிடம். "ஸ்ஸ்" என்றாள் அம்மா. "சூடா இருக்கு சார். உள்ளே ஏதோ கோத்திருக்கு" என்றார் நர்ஸ்.

"இன்றே புறப்பட்டு வாருங்கள்."

ஒரு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார்கள். இரண்டு வாரத்தில் புண் ஆறியது.

அம்மா பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. பெரியவர்கள் கேட்கும்போது "வலிக்கிறது" என்பது அவளுக்கு மரியாதைக் குறைவு. சூட்டைக் காட்டும் காமிராவோ நம் போன்களில் இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகளைப் பின்னர் படித்துப் பார்த்தேன். நேரில் பார்த்த டாக்டரே அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் மீண்டும் பார்த்தால் அதைத் தொடர் ஆலோசனை என்கிறது. நோயாளிக்காகச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் டாக்டரை அழைக்கவும் இடமளிக்கிறது. ஆனால் அப்படி ஒருவர் உடனிருந்தே தீரவேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. எங்களுக்கு நர்ஸ் அக்கா அடுத்த தெருவில் இருந்தார். அவர் இல்லாத ஊர்கள் எத்தனை!

இப்போதும் ஞாயிறுதோறும் அம்மாவிடம் பேசுகிறேன். "நல்லா இருக்கேன்பா" என்கிறாள். "சரிம்மா, போனை நர்ஸ் அக்காகிட்ட கொடு" என்கிறேன்.