சோக் ஒயர் சுட்ட கதை

ட்ரிபிள்-இ மூணாம் வருஷம் படிக்கிற பையன் வீட்டில் இருந்தால், தெருவில் எந்த வீட்டில் ஃப்யூஸ் போனாலும் அவனுக்குத்தான் அழைப்பு வரும். அப்படி ‘கரன்ட்டு தம்பி’ என்று நான் சேர்த்து வைத்திருந்த மானத்தை, 2004 ஆடியில் ஒரு அம்பாசடர் வாங்கியது.

எங்க ஊர் மகாராஜபுரம், வத்திராயிருப்பு பக்கம். சதுரகிரி மலை ஏற தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போகிற கூட்டம் எங்க ஊர் வழியாப் போகும். ஆடி அமாவாசை நாலு நாளும் அப்பாவின் டாக்ஸிக்குத் தீபாவளி. என் செமஸ்டர் ஃபீஸுக்கும் அந்தக் காசைத்தான் நம்பியிருந்தோம்.

முந்தின நாள் காலையில் சாவியைத் திருப்பினால், ‘டிக்’. அவ்வளவுதான்.

மல்ட்டிமீட்டரோடு குதித்தேன். பேட்டரி 12.6 வோல்ட். டெர்மினல் சுத்தம். சோலனாய்டுக்கும் கரன்ட் வருது. ஒரு மணி நேரம் சாவியை ‘ஆன்’லயே விட்டுட்டு நோண்டினேன் (இதை ஞாபகம் வெச்சுக்கங்க). கடைசியில் தீர்ப்பு சொன்னேன்: “ஸ்டார்ட்டர் மோட்டார் காலிப்பா. கழட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோகணும்.”

அப்பா எதுவும் பேசலை. உள்ளே போய், ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தோடு வந்தார். எனக்கு வயிறு என்னவோ செய்தது. கழட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியவர், “ஸ்ஸ்” என்று கையை உதறினார்.

“டேய், சோக் ஒயர் ஏன்டா இப்படிச் சுடுது?”

அப்பா எட்டாம் கிளாஸ். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கணும்!

விஷயம் இதுதான். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். போன கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வரணுமே? இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுன்ட்டிங் மேல. அதனால இன்ஜினையும் பாடியையும் ஒரு பின்னல் பட்டை, எர்த் ஸ்ட்ராப், இணைக்கும். அது அறுந்தால் கரன்ட் வேறு வழி தேடும். அகப்பட்டது சோக் கேபிள். ஒல்லிக் கம்பி, சுடாம என்ன செய்யும்?

அடியில் படுத்துப் பார்த்தேன். கிரீஸும் மண்ணும் அப்பி, ஸ்ட்ராப் ரெண்டு இழையில் தொங்கியது. நானோ பிளஸ் பக்கம் மட்டுமே மீட்டர் வைத்துக்கொண்டிருந்தேன். கிர்ச்சாஃப் விதிக்கு நான் வாங்கிய மார்க்கை யாரிடமும் சொல்லாதீங்க.

டிராக்டர் ஷெட்டில் பழைய பேட்டரி கேபிள் வாங்கி, துருவைத் தேய்த்து முறுக்கினோம். சாவியைத் திருப்பினால் இன்ஜின் கிறுகிறுவென்று சுற்றுது. ஆனா பிடிக்கலை! பிளக் ஒயரைக் கழற்றி பிளாக் பக்கத்தில் காட்டினால் பொறியே இல்லை.

அப்பா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். பாயின்ட் கருகியிருந்தது. “சாவியை ஆன்லயே விட்டியா?” இன்ஜின் ஓடாதபோது பாயின்ட் ஒட்டிக்கொண்டு நின்றால், காயில் வழியாகக் கரன்ட் ஓயாமல் ஓடிச் சூடேற்றும். அது என் கைங்கரியம்.

உப்புத்தாளை மடித்துத் தேய்த்தார். இடைவெளி பதினைந்து தௌ, அதாவது 0.4 மில்லிமீட்டர் சுமார் இருக்கணும். ஃபீலர் கேஜுக்கு எங்கே போவது? சிவகாசி தீப்பெட்டி அட்டையைக் கிழித்து நடுவில் வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார். ரெண்டாவது திருப்பில் வண்டி உறுமியது.

மறுநாள் தாணிப்பாறைக்கு ஏழு நடை. முன்சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மதுரைக்காரர் ஒருவர் வண்டியைப் புகழ்ந்தார்.

“பையன் ரிப்பேர் பாத்தான் சார். கரன்ட்டுக்குப் படிக்கிறான்” என்றார் அப்பா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.