கொசுறு

கறிகாய்க் கடைக்குப் போகிறீர்கள். கத்தரிக்காய் அரை கிலோ, வெண்டைக்காய் கால் கிலோ, தக்காளி ஒரு கிலோ. காசை நீட்டியதும் கடைக்காரர் தானாகவே ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்துப் பையில் போடுவார். போடாவிட்டால் நீங்கள் விடுவீர்களா? 'என்னப்பா, கொசுறு எங்கே?' என்று அதட்டி வாங்குவீர்கள். இப்போது சூப்பர் மார்க்கெட்டில் அதையும் பாக்கெட் போட்டு விலை ஒட்டிவிட்டார்கள். அது வேறு கதை.

மனிதர்களைக்கூட இப்படிக் கொசுறாகக் கொடுப்பார்கள், வாங்குவார்கள் என்பது ஒரு புகைப்படத்தால்தான் எனக்குத் தெரியவந்தது.

2015 ஜூன் மாதம். அலுவலகத்தில் ஏஜென்சி படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வியர்வையில் நனைந்த ஒரு ஆசாமி, தன் இடுப்பளவு உயரமுள்ள வெள்ளிக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஐஸ் ஹாக்கி. நமக்கு ஹாக்கி என்றால் தன்ராஜ் பிள்ளை. பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு, பந்துக்குப் பதில் ரப்பர் வில்லையை அடித்து விளையாடும் இந்தச் சமாசாரம் எனக்கும் அவ்வளவாகத் தெரியாது. படத்துக்கு இரண்டு வரி எழுத வேண்டுமே என்று அவர் யாரென்று தேடப் போனேன். இரண்டு வரி முடிந்த பிறகும் விட முடியவில்லை.

பெயர் கிம்மோ டிமோனென். ஊர் பின்லாந்தில் ஏரிகளுக்கு நடுவே இருக்கும் குவோபியோ. தடுப்பாட்டக்காரர். படம் எடுத்தபோது வயது 40.

கதை 1993 ஜூனில், கனடாவின் கியூபெக் நகரத்தில் தொடங்குகிறது. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி போட்டித் தொடரான என்.ஹெச்.எல். வருடா வருடம் ஒரு தேர்வு நடத்தும். டிராஃப்ட் என்பார்கள். பதினெட்டை ஒட்டிய பையன்களை, அணிகள் வரிசையாக வந்து பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அந்த வருடம் 26 அணிகள், 11 சுற்று. ஆக மொத்தம் 286 பையன்கள். முதல் பெயர் சொல்லும்போது அரங்கமே கைதட்டும். பத்தாவது சுற்று வரும்போது யார் கவனிக்கப்போகிறார்கள்? நம் கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு இருக்கும் மரியாதைதான்.

அந்தப் பத்தாவது சுற்றில், 249 பேரைக் கூப்பிட்டு முடித்த பிறகு, லாஸ் ஏஞ்சலீஸ் கிங்ஸ் அணி 250-வதாகச் சொன்ன பெயர், டிமோனென்.

அதே நாளில் முதல் பெயராக வந்தவர் அலெக்ஸாந்தர் டேக்ல் என்ற கனடாப் பையன். ஒட்டாவா அணி அவருக்குக் கொடுத்த ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 1 கோடியே 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர். இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு! இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் பார்த்து முதலாளிகள் அரண்டுபோய், 1995-ல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பே கொண்டுவந்தார்கள். முதலாவதாக வந்ததில் எனக்கு சந்தோஷம், இரண்டாவதாக வந்தவனை யாருமே ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள் என்று டேக்ல் அன்றைக்குச் சொன்னது ரொம்பப் பிரசித்தம். இரண்டாவதாக வந்தவர் கிறிஸ் பிராங்கர். ஆறரை அடி உயரத் தடுப்பாட்டக்காரர். பின்னாளில் ஸ்டான்லி கோப்பையும் ஜெயித்து, ஹாக்கியின் புகழ்க்கூடத்திலும் இடம்பிடித்தவர். வாய் தவறிச் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு மனுஷனை எத்தனை வருடம் துரத்துகிறது பாருங்கள்.

நான் பி.காம். படித்தவன். எதைப் படித்தாலும் புத்தி கணக்குப் பதிவியல் பக்கமே ஓடும். ஒரு பங்குப் பத்திரத்தில் அச்சடித்திருப்பது முகமதிப்பு. சந்தையில் அது என்ன விலைக்குப் போகிறது என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டவன் முதல் வருடப் பரீட்சையிலேயே காலி. அன்றைக்கு கியூபெக்கில் அச்சடித்தது முகமதிப்பு. அவ்வளவுதான்.

சரி, 250-க்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. 'வட அமெரிக்காவுக்கு ஆட வந்தால் எங்களிடம்தான் வர வேண்டும்' என்ற உரிமை மட்டும் கிங்ஸ் அணியிடம் இருக்கும். அதற்காகச் சம்பளம் தர வேண்டியதில்லை. பையன் பாட்டுக்கு அவன் ஊரில் ஆடட்டும், தேறினால் பார்க்கலாம். கடைசிச் சுற்றுகளில் ஐரோப்பியப் பையன்களை எடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வளர்க்கிற செலவு வேறொருவருடையது. வியாபாரம் என்று பார்த்தால் பழுதில்லாத வியாபாரம்.

டிமோனெனும் ஊரிலேயே ஆடினார். குவோபியோவின் கால்பா கிளப், அப்புறம் துர்க்கு நகரத்தின் டி.பி.எஸ்., அப்புறம் ஹெல்சிங்கியின் ஹெச்.ஐ.எஃப்.கே. இப்படியே ஐந்து வருடம். 1998-ல் நகானோ ஒலிம்பிக்கில் பின்லாந்து அணியோடு வெண்கலம். அதே வருடம் ஹெல்சிங்கி அணியோடு தேசிய சாம்பியன் பட்டம்.

இனியாவது லாஸ் ஏஞ்சலீஸ் கூப்பிட்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கூப்பிடவில்லை. கொசுறாகக் கொடுத்துவிட்டது.

விஷயம் இதுதான். 1998-ல் நாஷ்வில் நகரத்துக்குப் புதிதாக ஓர் அணி வந்தது. புது அணிக்கு ஆள் வேண்டுமே? பழைய அணிகளில் 'பாதுகாக்கப்படாத' ஆட்டக்காரர்களிலிருந்து அது பொறுக்கிக்கொள்ளலாம் என்பது விதி. கிங்ஸ் அணிக்கு ஒரு பயம். கேரி கேலி என்ற தங்கள் அனுபவசாலியைத் தூக்கிவிடுவார்களோ என்று. உடனே ஒரு பேரம். 'கேலியைத் தொடாதீர்கள். பதிலுக்கு எங்களிடம் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள்.' ஒருவர் யான் வோபாட் என்ற செக் நாட்டுக்காரர். இன்னொருவர் டிமோனென்.

யோசித்துப் பாருங்கள். ஒருவரை விற்பதற்கோ, வாங்குவதற்கோ இவரைக் கொடுக்கவில்லை. இன்னொருவரை எடுக்காமல் இருப்பதற்கு இவர் விலை!

நாஷ்வில் போனதும் சிவப்புக் கம்பளம் விரித்தார்களா? அதுவும் இல்லை. முதல் சீசனில் அவரை மில்வாக்கிக்கும் அனுப்பினார்கள். பெரிய அணிக்குக் கீழே ஆள் தயார் செய்கிற அணி அது. 82 ஆட்டம் உள்ள சீசனில் நாஷ்வில் சட்டை போட்டு ஆடியது 50.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஐரோப்பாவில் பனித்தளத்தின் அகலம் 30 மீட்டர். வட அமெரிக்காவில் 26. நாலு மீட்டர்தானே என்கிறீர்களா? ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அது நாலு மீட்டர் இல்லை, யோசிக்கக் கிடைக்கும் நேரம். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே, எதிரே பாய்ந்து வருபவரின் நெஞ்சைக் கவனித்து, வில்லையைத் தட்டிப் பறித்து, அடுத்த நொடியே தன் ஆளுக்குச் சரியாக அனுப்ப வேண்டும். தளம் சுருங்கினால் எல்லாமே சீக்கிரம் நடக்கும். இடியும் அதிகம். டிமோனெனின் உயரமோ 5 அடி 10 அங்குலம். தெருவில் பார்த்தால் சரியான உயரம். அந்தக் கூட்டத்தில் குள்ளம். இதற்கு மேல், முன்னால் ஆடுபவர் தப்புப் பண்ணினால் பின்னால் இருப்பவர் காப்பாற்றுவார். தடுப்பாட்டக்காரர் தப்புப் பண்ணினால் மிச்சம் இருப்பது கோல் கீப்பர் மட்டும். அதனால்தான் இந்த வேலைக்கு ஆள் தேறுவதற்கு வருடக்கணக்கில் ஆகும் என்பார்கள்.

18 வயதில் இருந்த ஒரு பையனைப் பார்த்து, 25 வயதில் அவன் என்ன ஆவான் என்று ஒரே நாளில் நம்பர் போட்டால் தப்பாமல் என்ன செய்யும்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'கடைசியில் வந்தால் கவலைப்படாதே தம்பி, நீயும் ஜெயிப்பாய்' என்று முதுகில் தட்டுகிற கட்டுரை இல்லை இது. கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் என்.ஹெச்.எல்.லில் ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனவர்கள். 250 என்ற நம்பர் யாரையும் தூக்கிவிடாது. என் கவலை நம்பர் வாங்கியவர்களைப் பற்றியதுமில்லை. நம்பர் போடுகிறவர்களைப் பற்றியது.

ஏனென்றால் நானும் போட்டிருக்கிறேன்.

2012-ல் நான் அப்போது இருந்த பத்திரிகையில் பயிற்சி நிருபர்களைத் தேர்ந்தெடுத்தோம். பத்துப் பேர் போதும். தேர்வுக் குழுவில் மூன்று பேர், அதில் நான் ஒருவன். பதினொன்றாவதாக ஒரு பெண்ணின் பெயரை எழுதிப் பக்கத்தில் பென்சிலால் 'வெ.லி.' என்று போட்டது என் கைதான். வெயிட்டிங் லிஸ்ட். ரேஷன் கடை வரிசையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை நன்றாகவே இருந்தது. நேர்முகத்தில் பேசத் தயங்கினார். அதற்குத்தான் அந்த இடம்.

பத்துப் பேரில் ஒருவர் சேரவில்லை. அந்தப் பெண் வந்தார். முதல் நாள் வாசலில் தயங்கி நின்றவரைப் பார்த்து, 'வாம்மா வெயிட்டிங் லிஸ்ட்!' என்றேன். கிண்டல்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதோடு போயிருக்க வேண்டியது, பெயராகவே ஒட்டிக்கொண்டது. 'இதை வெயிட்டிங் லிஸ்ட்கிட்ட கொடுங்க', 'வெயிட்டிங் லிஸ்ட் இன்னிக்கு லீவா?' நல்ல செய்தி வந்தால் முதல் பத்துப் பேருக்குப் போகும். மிஞ்சியது இவருக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பென்சில் குறி தானாகவே வேலை செய்தது.

எட்டு மாதம் இருந்தார். விலகிப் போகிற அன்றைக்கு லிஃப்ட் அருகில் என்னிடம் வந்தார். "சார், என் பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வர ஒரு விநாடி ஆனது. அந்த ஒரு விநாடியை அவர் பார்த்துவிட்டார். லிஃப்ட் வந்தது. போய்விட்டார்.

வணிகவியலில் இன்னொரு பழைய விதி உண்டு. வருடக் கடைசியில் கையிருப்புச் சரக்குக்கு மதிப்புப் போடும்போது, அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். சரக்குக்கு அது நல்ல விதி. அதை மனுஷர்களுக்கும் போட்டுப் பார்க்கிறோமே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது. டேக்லுக்கு நடந்ததும் ஒரு விதத்தில் இதேதான். என்.ஹெச்.எல்.லில் 616 ஆட்டம் ஆடியவர் அவர். வேறு யாராக இருந்தாலும் நல்ல வாழ்க்கை என்பார்கள். முதல் நம்பர் என்பதால் தோல்வி என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

மில்வாக்கியோடு டிமோனெனின் கதை முடியவில்லை. கொசுறாக வந்த அதே நாஷ்வில் அணிக்கு 2006-ல் அவர் கேப்டன். 2007-ல் அவரையும் ஸ்காட் ஹார்ட்னெல் என்பவரையும் பெறும் உரிமைக்காக பிலடெல்ஃபியா அணி ஒரு முதல் சுற்றுத் தேர்வையே கொடுத்தது. பிறகு அவருக்கு ஆறு வருடத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2014 ஆகஸ்டில் காலிலும் இரண்டு நுரையீரல்களிலும் ரத்தக்கட்டி. எல்லாம் முடிந்தது என்றார்கள். மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு 2015 பிப்ரவரியில் சிகாகோ அணிக்குப் போனார். வேகம் குறைந்திருந்தது. அதிக நேரம் களத்தில் இறக்கவில்லை. ஜூன் 15 அன்று சிகாகோ ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது. கேப்டன் கோப்பையை வாங்கியதும் அடுத்து யார் கையில் கொடுப்பது என்று அவரே முடிவு செய்வது அந்த விளையாட்டின் வழக்கம். அணியில் பெரிய நட்சத்திரங்கள் இருந்தார்கள். கேப்டன் ஜானதன் டேவ்ஸ் நேராக டிமோனெனிடம் போய்க் கொடுத்தார். நான் பார்த்த படம் அதுதான். அதுவே அவருடைய கடைசி ஆட்டமும்கூட. என்.ஹெச்.எல். வழக்கமான சீசன் கணக்கில் மொத்தம் 1,108 ஆட்டங்கள்.

இன்றைக்கு அந்த டிராஃப்டில் ஏழே சுற்றுதான். 32 அணிகள், ஏறக்குறைய 224 பெயர்கள். 250 என்ற நம்பரே இப்போது கிடையாது.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார், ஜெயித்தாரா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். ஜெயித்திருந்தால்தான் நான் செய்தது தப்பு என்று ஆகுமா? ஆகாது அல்லவா?

இப்போதும் என்னை அவ்வப்போது தேர்வுக் குழுவில் உட்கார வைக்கிறார்கள். நம்பர் போடாமல் தேர்வு நடத்த முடியாது, போடுகிறேன். ஆனால் அவர்கள் வேலையில் சேருகிற அன்று காலை அந்தக் காகிதத்தை நானே கிழித்துவிடுகிறேன். அப்புறம் ஒவ்வொருவரின் பெயரையும் சத்தமாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

லிஃப்ட் வருவதற்குள் சொல்ல வர வேண்டும் இல்லையா?