நான்கு சக்கரங்களும் நானும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பதை நண்பர்கள் அறிவர். அவற்றை ஏறி முடித்தாலும் எங்கள் சிற்றூருக்கு மண்பாதைதான். பிரசவ வேதனையில் துடித்த அத்தையை ஒரு மழைநாளில் டோலி கட்டித்தான் தூக்கிச் சென்றோம். மறு ஆண்டே மாமா, மிளகு விற்ற பணத்தோடு கடனும் சேர்த்து மகிந்திரா தார் வாங்கினார். தார்ச்சாலை முடியும் இடத்தில் தாருக்கு வேலை தொடங்கிற்று. எனக்கும் பாடம் தொடங்கிற்று.

கியர் ராடின் அருகே இன்னொரு சிறிய ராடு. அதை மாற்றினால் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். '4எல்' நிலையில் வேகம் குறைந்து இழுவை பெருகும். "இறக்கத்தில் பிரேக்கை அழுத்தாதே மாப்பிள்ளை, சறுக்கும். முதல் கியரில் விடு, எஞ்சினே பிடித்துக்கொள்ளும்" என்பார் மாமா.

சென்ற ஐப்பசி மழையில், காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைச் செம்மேட்டு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். "வேகமாகப் போ" என்று எல்லோரும் பதறினார்கள். நான் மெதுவாகவே இறங்கினேன். குழந்தை பிழைத்தது.