கருவியும் அறிவும்

67 வயது நிரம்பிய ஒருவன் கல்லூரிப் பாடமொன்றிற்கு மாணாக்கனாய்ப் பெயர் பதிந்துகொண்டான் எனின் கேட்பவர் நகைப்பர். யான் அங்ஙனம் நகைக்கப்பெற்றவன். இளமையிற் காவிரிக்கரைத் திருமடம் ஒன்றில் நிலத்தமர்ந்து இலக்கணமும் சாத்திரமும் பாடங்கேட்டு, பின்னர் 33 ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன் யான். சென்ற ஆண்டு ஆனித் திங்களில் என் பேத்தி தன் கைப்பேசியில் ஒரு கல்லூரியார் இணையவழி நடத்தும் 12 வாரப் பாடம் ஒன்றைக் காட்டினாள். உயிரியல் உளவியல் என்பது அதன் பெயர். "தாத்தா, மனம் புத்தி என்று நாள்தோறும் பேசுகிறீர்களே, மூளையைப் பற்றியும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்" என்றாள்.

அன்று யான் இசைந்ததற்குக் காரணம் கல்வி வேட்கை அன்று. மனமாவது மூளையின் தொழிலே என்னும் கொள்கையை அதன் நூலைக் கற்றே மறுத்து இத்தகைய திங்களிதழொன்றிற்குக் கட்டுரை வரைதல் வேண்டும் என்பதே என் உட்கிடை. பூர்வபக்கத்தை அறியாது மறுத்தல் வழுவன்றோ!

காலை நீராடிப் பூசை முடித்தபின், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பாடங்கேட்டேன். ஆசிரியர் ஆங்கிலத்தில் விரைந்து பேசுவார். அவரை நிறுத்தி மீட்டும் பேசச் செய்யும் வசதி கைப்பேசியில் உண்டு. திருமடத்தில் எங்கள் ஆசிரியரை அங்ஙனம் நிறுத்த யாவரே துணிவர்! மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள என்பதும், ஓர் அணு மற்றோர் அணுவை முற்றும் தீண்டாது நூலினும் நுண்ணிய இடைவெளிவிட்டு நிற்கும் என்பதும் முதல் வாரங்களிற் கற்றவை. 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்பார் ஒரு தவளையிதயத்தை நரம்பின் வழித் தூண்டி அதன் துடிப்பை மெலிவித்து, அவ்விதயத்திலிருந்த நீரை மற்றொரு தவளையிதயத்திற் பெய்தார். அதன் துடிப்பும் மெலிந்தது. நரம்பு விடுக்கும் தூது ஒரு வேதிப்பொருளால் எடுத்துச் செல்லப்படுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. இதனைக் கேட்ட அன்று மறுக்கும் எண்ணம் சிறிது அயர்ந்து, வியக்கும் எண்ணம் தலையெடுத்தது.

ஈண்டு யான் வேறொரு செய்தி கூறல் வேண்டும். திருமடத்தில் என்னோடு உடன்பயின்று, தேவாரம் ஓதுதலைத் தொழிலாகக் கொண்ட நண்பர் ஒருவர் உளர். என்னினும் மூத்தவராதலின் அவரை அண்ணா என்றே அழைப்பேன். பாடத்திற் சேர்வதற்கு எட்டுத் திங்கள் முன்னர் அவருக்குப் பாரிசவாயு கண்டது. வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன. வாய் திறந்தால் 'தா, தா' என்னும் ஓரெழுத்தன்றிப் பிறிதொன்றும் வாராதாயிற்று. காணச் சென்ற யான், அவர் தெளிவை அறியக் கருதி ஒரு பதிகத்தின் பண் யாது என்று வினவினேன். 'தா' என்றார். மீட்டும் வினவினேன். சினந்து, 'தா, தா' என்றார். யான் அவர் எதிரிலேயே அண்ணியாரை நோக்கி, "அறிவு போய்விட்டது அண்ணி, இனி இவருக்கு ஒன்றும் விளங்காது" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் முகந்திருப்பிக் கண்ணீர் உகுத்தார். அக்கண்ணீரையும் நோயின் குறியென்றே கொண்டேன். அதன்பின் அவ்வீட்டிற்குச் சென்றிலேன்.

பாடத்தின் ஏழாம் வாரம் மொழியும் மூளையும் பற்றியது. பாரிசு நகரத்தருகில் பிசேத்ர் மருத்துவமனையில் ஒரு நோயாளர் இருந்தார். அவர் வாயினின்று 'தான்' என்னும் ஓரசையே பல்லாண்டு வெளிப்பட்டது. 1861-ஆம் ஆண்டில் பால் புரோக்கா என்னும் மருத்துவர் அவரை ஆராய்ந்தார். எத்தனை ஆண்டாக இங்குள்ளீர் என வினவியபோது, அந்நோயாளர் இடக்கையை நான்கு முறை விரித்து, பின் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தோராண்டு என்பது பொருள். அது சரியான விடை. சில நாளில் அவர் இறப்ப, புரோக்கா அவர் மூளையை நோக்கி, இடப்பக்கத்து முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருத்தலைக் கண்டார். சொல்லை வெளியிடும் ஆற்றல் கெட்டும், பிறர் சொல்லை உணரும் ஆற்றல் பெரும்பாலும் கெடாதிருக்கலாம் என்பது அதனால் அறியப்பட்டது.

இதனைக் கேட்டபோது என் கையிலிருந்த எழுதுகோல் நின்றது. 'தான்' என்ற அவர் அறிவிழந்தவரல்லர் எனின், 'தா' என்ற என் அண்ணா யார்? கருவி வேறு, கருவியைக் கொண்டு அறிவோன் வேறு என்று மாணாக்கர் பலருக்குப் பாடஞ் சொன்னவன் யான். உயிரை அரசனாகவும் அந்தக்கரணங்களை அமைச்சராகவும் மெய்கண்டார் காட்டிய உவமையை எத்தனை மேடைகளில் விரித்துரைத்தேன்! அத்தகைய யான், அமைச்சருள் ஒருவன் நாவிழந்தமை கண்டு, அரண்மனையில் அரசனே இலன் என்று அவ்வரசன் கேட்பவே கூறிவிட்டேன். நான் ஓதிய சாத்திரத்தின் பொருளை எனக்கு உணர்த்தியது, உயிர் என்னும் சொல்லையே வழங்காத ஒரு பாடம்.

அவ்வாரத்துப் பாடம் இன்னும் ஒன்று கூறிற்று. நோயாற் பேச்சிழந்த ஒருவர், தாம் முன் கற்ற சமயப்பாடல்களை மட்டும் சொற்பிழையின்றிப் பாடினார் என்று சுவீடன் நாட்டில் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துள்ளனராம். இசையை நடத்துதலில் மூளையின் வலப்பாகமும் பெரும்பங்கு கொள்ளுதலின், இடப்பாகம் பழுதுற்றவிடத்தும் பாட்டு எஞ்சுதல் கூடும் என்பர். இது பற்றியே 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர், இடக்கையால் தட்டிக்கொண்டு சொற்களை இசைத்துப் பழகும் பயிற்சிமுறை ஒன்றை வெளியிட்டனர்.

மறுநாட் காலை அண்ணா வீட்டிற்குச் சென்றேன். அண்ணியார், "வாங்க தம்பி" என்றதன்றி வேறொன்றும் கூறிற்றிலர். அதுவே எனக்குப் போதிய தண்டமாயிற்று. அண்ணாவின் அருகமர்ந்து, "அண்ணா, அன்று நான் சொன்னது தவறு. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன். அவர் என்னை நெடிது நோக்கினார். கைத்தாளத்தின் ஒரு பாதியை அவர் மடியில் வைத்து, மற்றதை அவர் இடக்கையிற் கொடுத்து, திருமடத்தில் நாங்கள் முதலிற் பாடங்கொண்ட பதிகத்தை மெல்ல எடுத்தேன். முதலடியில் அவர் உதடு அசைந்தது. இரண்டாம் அடியிற் குரல் வந்தது. மூன்றாம் அடியிற் சொல் வந்தது. அண்ணியார் அடுக்களை வாயிலில் நின்றுவிட்டார்.

நான்காம் பாட்டில் யான் ஒரு சொல்லைப் பிழைபடப் பாடினேன். அவர் தாளத்தை நிறுத்தி, இடக்கையை அசைத்து என்னைத் தடுத்து, அவ்வடியை முதலிலிருந்து தாமே பாடித் திருத்தினார். எட்டுத் திங்கள் முன் அறிவு போயிற்றென்று யான் தீர்ப்புரைத்தவர் எனக்குப் பாடபேதம் காட்டினார்! பாட்டு முடிந்தபின், "காலையில் சாப்பிட்டீர்களா அண்ணா?" என்றேன். 'தா' என்றார். இசை நோயைத் தீர்த்துவிடவில்லை. ஆயினும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை அன்றே நாடினோம். இப்போது தண்ணீர் வேண்டும் என்பதனை இசைத்துக் கூறுகின்றார்.

இதனால் எல்லாம் நம் நூல்களில் முன்னரே உளவென்று பறைசாற்றுதல் யான் விரும்புவதன்று. மெய்கண்டார் மூளையின் இடப்பகுதியைப் பற்றி ஒன்றும் உரைத்திலர்; புரோக்கா உயிரைப் பற்றி ஒன்றும் உரைத்திலர். ஒன்றை மற்றொன்றின் வாயில் திணித்தல் இருவருக்கும் இழுக்கு. மனம் முதலியவற்றைச் சடமென்றே கொண்ட நமக்கு, மூளை கெட மனம் மாறும் என்னும் செய்தி பேரச்சம் விளைப்பதன்று. எனினும் எளிதிற் கடக்கலாகாத இடமும் உண்டு. 1848-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருப்புப்பாதை வேலை செய்த பினியாசு கேச்சு என்பாரின் கன்னத்திற் புகுந்த இரும்புக்கோல் உச்சியைப் பிளந்து வெளிப்பட்டது. உயிர் பிழைத்தார், ஆயின் சமநிலை வாய்ந்த மனமுடைய அவர் முரடராயினார் என்று அவர் மருத்துவர் எழுதினார். பின்னர்ச் சிலி நாட்டிற் பல்லாண்டு குதிரைவண்டி ஓட்டி வாழ்ந்தாராதலின் அக்குணம் ஓரளவு மீண்டதுபோலும். குணமே ஒரு கோலால் மாறுமெனின், செய்த வினைக்கு உரியவன் யாவன்? இவ்வினாவை மறைத்து வெற்றி கொண்டாடுதல் நேர்மையன்று. கற்றவர் சிந்திக்க ஈண்டு வைக்கின்றேன்.

தேர்வு நாளன்று வாயிற்காவலர், பெற்றோர் வெளியே இருத்தல் வேண்டும் என்று என்னைத் தடுத்தார். அனுமதிச் சீட்டைக் காட்டினேன். 100-க்கு 54 மதிப்பெண் பெற்றேன். மறுப்புக் கட்டுரை மட்டும் எழுதப்படவேயில்லை.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். முகம் கோணல், கை சோர்தல், நாக்குழறல் இவற்றுள் ஒன்று திடீரெனக் காணின், வீட்டு வைத்தியம் பார்த்துக் காலங்கழியாது மருத்துவமனைக்கு விரைமின். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நான்கரை மணி நேரத்திற்குள் ஏற்றற்குரியது. பேச்சிழந்தார் முன்னிலையில் அவர் அறிவைப் பற்றித் தீர்ப்புரையாதீர். ஆம், இல்லை என்று தலையசைத்து விடை கூறத்தக்கவாறு வினவி, அவர் விடைக்குக் காத்திருங்கள். உள்ளே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கின்றார்.

திருச்சிற்றம்பலம்.